பழையனூர் நீலியிடம் கேட்க வேண்டிய பாடம்

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகிற ரயில் பாதையில் திருவாலங்காடு வரும். அங்கிருந்து திருத்தணி, நகரி என்று ஆந்திர எல்லையைத் தொடுகிற இந்தப் பக்கத்தில் வளர்ந்து, கிரைமும் பேய்க்கதையும் எழுத வருகிறவருக்கு வாத்தியார் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடிய காரைக்கால் அம்மையாரும், பக்கத்துப் பழையனூரில் பழிவாங்கிய பேய் நீலியும் போதும்.

அம்மையாரின் மூத்த திருப்பதிகம் “கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று” என்று ஆரம்பிக்கும். பயங்கரம், திகில் என்று ஒரு வார்த்தை கிடையாது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, சிவந்த மயிர், நீண்ட இரண்டு பல் என்று உடம்பை மட்டும் சொல்லிக்கொண்டே இறங்குகிறார். கணுக்கால், கெண்டைக்கால் வரை வந்த பிறகுதான் ‘பெண்பேய்’ என்கிறார். அலறல் அதற்கும் பின்னால். நம்மவர்கள் முதல் வரியிலேயே அலற விட்டுவிடுகிறார்கள். அப்புறம் காட்ட என்ன மிச்சம்? இன்னொரு பதிகத்தில் சுடுகாட்டுக்கு எட்டி, இலவம், ஈகை, சூரை, காரை, கள்ளி என்று பெயர்களை அடுக்கியே இருட்டைக் கொண்டுவருவார்.

அந்தக் கள்ளியின் கிளையைத்தான் நீலி ஒடித்துக் குழந்தையாக்கினாள். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் இப்போது வணிகன்; கையில் மந்திர வாள். அது இருக்கும்வரை கிட்டே போக முடியாது. அதனால் பழையனூர் வேளாளர் சபையில் வழக்குப் போடுகிறாள், என் புருஷன் என்று. குழந்தை ‘அப்பா’ என்று ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. சாட்சி முடிந்தது. வாளை வாங்கி வைத்துவிட்டு, உன் உயிருக்கு நாங்கள் எழுபது பேரும் பொறுப்பு என்று அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சேக்கிழார் அதைத் தொண்டை நாட்டின் பெருமையாகவே பாடுகிறார்.

கொலைகாரி யார் என்பது கேட்கிறவனுக்கு முதலிலிருந்தே தெரியும். பதற்றமெல்லாம் நியாயஸ்தர்களின் மேல். ஆயுதத்தைப் பறித்ததே அவர்கள்தானே! நீலியை நகல் எடுக்கிறவர்கள் வெள்ளைப் புடவையை எடுத்துக்கொண்டு சபையை விட்டுவிடுகிறார்கள். கதை அங்கேயே படுத்துவிடுகிறது.

இன்றைக்கு அந்தச் சபையின் இடத்தில் இருப்பது போலீஸ் ஸ்டேஷன். எல்லைக் கதையில் நடைமுறை தப்பினால் உள்ளூர் வாசகன் சிரிப்பான். 2024 ஜூலை 1 முதல் நடக்கிற கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவு கிடையாது, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. சந்தேக மரணத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த பழைய 174 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194. சாட்சிகளை வைத்து எழுதுகிற பதிவைத் தமிழ்நாட்டு போலீஸ் மகஜர் என்னும். ஆந்திராவில், நகரிப் பக்கம், பஞ்சநாமா. கொலை நகரியில் நடந்திருந்தாலும் திருத்தணியில் புகார் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் பதிகிற ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு நகரிக்கு அனுப்ப வேண்டும். ‘எங்க லிமிட் இல்ல, போங்க’ என்று உங்கள் கதையின் இன்ஸ்பெக்டர் விரட்டினால், சட்டம் தெரிந்தே விரட்டுகிறார் என்று வையுங்கள். ஏன் விரட்டினார் என்பதை அடுத்த அத்தியாயம் சொல்லியாக வேண்டும்.