எஸ்டபிள்யூஆர் 1.2, ஆனால் கோர் கொதிக்கிறது

போன சனிக்கிழமை இரவு என் அமெச்சூர் ரேடியோவில் 7.074 மெகாஹெர்ட்ஸில் 40 வாட் வைத்து அரை மணி நேரம் எஃப்டி8 (கணினி வழியாகச் சிறு செய்திகளை அனுப்பும் முறை) ஓட்டினேன். எஸ்டபிள்யூஆர் மீட்டரின் முள் 1.3-ஐ விட்டு அசையவே இல்லை. அனுப்பும் திறனில் எவ்வளவு ஆண்டெனாப் பக்கமிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. இந்த ஒரு காட்சியைப் பார்க்க இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. ஓடி முடித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், ஆண்டெனாவின் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பெட்டியைத் திறந்து அதன் கோரில் (கம்பி சுற்றிய ஃபெரைட் வளையம்) விரலை வைத்தேன். சூடு இருக்கிறது, ஆனால் விரல் தாங்குகிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் 56 டிகிரி. இறங்கி வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஷேக்கில் (ரேடியோ வைத்திருக்கும் அறை) இருப்பது ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் டிரான்ஸீவர். 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) 10 வாட் தரும். சென்னையில் மூன்றாவது மாடி, மொட்டை மாடியில் 20 மீட்டர் கம்பி, ஒரு முனை தண்ணீர்த் தொட்டி மேடையில், மறுமுனை பக்கத்து வீட்டுத் தென்னையில். எண்ட் ஃபெட் ஹாஃப் வேவ், அதாவது ஒரு முனையில் மட்டும் இணைப்புக் கொடுக்கும் அரை அலைக் கம்பி. அந்த முனையின் உயர்ந்த மின்மறுப்பை ரேடியோவுக்கு ஏற்ற 50 ஓமுக்கு இறக்குவதுதான் 49:1 டிரான்ஸ்ஃபார்மர். டைபோல் கட்ட நடுவில் தூக்கிப்பிடிக்க இடமில்லாத எனக்கு இதுதான் வழி. ஒரு வருடமாக 10 வாட்டில் நன்றாகவே ஓடியது. காலையில் மதுரை, தூத்துக்குடி நண்பர்கள் ஐந்து ஏழு (தெளிவு 5, வலிமை 7) கொடுப்பார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம்தான் லீனியர், அதாவது திறனைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் கட்டினேன். ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் இரண்டு, புஷ்-புல், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரில் போட்டு 25 வோல்ட். டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டர்) 40 வாட் சுத்தமாக வந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், ஹீட்சிங்க் மட்டும் மூன்று முறை மாற்றினேன். சரி, ஆண்டெனாவில் போட்டதும் கதை மாறியது. முதல் நான்கு எஃப்டி8 அனுப்புதல் வரை எஸ்டபிள்யூஆர் 1.2. ஐந்தாவதில் 1.6. ஏழாவதில் 2.5. அதற்குமேல் போனால் 3-ஐத் தாண்டும். நிறுத்திவிட்டுக் காபி குடித்து வந்து பார்த்தால் மறுபடி 1.2. இரவில் இந்தச் சிக்கல் மெதுவாக வரும், பகலில் சீக்கிரம் வரும்.

இரண்டு வாரம் லீனியரைத்தான் சந்தேகப்பட்டேன். பயாஸைக் குறைத்தேன், லோ பாஸ் ஃபில்டரின் கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றினேன். டம்மி லோடில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பிஎல்259 கனெக்டர்கள், பிறகு ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிள். காற்றில் தென்னை ஓலை கம்பியைத் தொடுகிறதோ என்று ஒருநாள் மதியம் மாடியில் நின்றே பார்த்தேன். தொடவில்லை. கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது, காற்றே இல்லை. ஒவ்வொரு தடவையும் நானோவிஎன்ஏவை (ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி) மாட்டினால் வரைகோடு அழகாக இருக்கும். அதுதான் என்னைத் திசை திருப்பியது. நானோவிஎன்ஏ அனுப்புவது ஒரு மில்லிவாட்டை விடக் குறைவு. அந்தத் திறனில் கோர் சூடாகவே வாய்ப்பில்லை. சூட்டில் மட்டும் வரும் நோயை, உடம்பு ஆறிய பிறகு பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மகனைக் கீழே அனுப்பி ஏழெட்டு முறை அனுப்பச் சொல்லிவிட்டு, உடனே பெட்டியைத் திறந்தேன். வார்னிஷ் கருகும் வாடை. கோர் 108 டிகிரி. பெட்டியின் அடிப்பக்கப் பிளாஸ்டிக் லேசாக நெளிந்திருந்தது. ஃபெரைட்டுக்குக் கியூரி வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதை நெருங்கித் தாண்டும்போது காந்தத் தன்மை சரிந்துவிடும், சுற்றின் இண்டக்டன்ஸ் காணாமல் போகும், ஆறினால் திரும்பி வரும். என் மீட்டர் முள் ஆடிய ஆட்டத்துக்கு இதுதான் காரணம்.

இனி அந்தக் கோரின் கதை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கியது. 36 மில்லிமீட்டர் விட்டம், பச்சைப் பூச்சு. எனக்கு வேண்டியது 43 மிக்ஸ் என்ற ஃபெரைட் கலவை. "இது 43 மிக்ஸ்தானா அண்ணே?" என்று கேட்டேன். "அதேதான் தம்பி, எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். ஃபெரைட்டில் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சிவப்பு என்றால் மிக்ஸ் 2, மஞ்சள் என்றால் மிக்ஸ் 6, மஞ்சளும் வெள்ளையும் என்றால் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் வரும் 26 என்பதெல்லாம் இரும்புத்தூள் கோர்களுக்கு. வீட்டுக்கு வந்து பத்துச் சுற்று போட்டு எல்சி மீட்டரில் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு மில்லிஹென்றி. இண்டக்டன்ஸ் அதிகம் என்றால் நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டேன். தவறு அங்கேதான் நடந்தது. அதே அளவுள்ள எஃப்டி140-43 கோரில் பத்துச் சுற்றுக்கு 88 மைக்ரோஹென்றிதான் வர வேண்டும். பதினோரு மடங்கு காட்டினால் அது வேறு ஜாதி. மின்விநியோகத்தில் வரும் இரைச்சலைத் தடுக்கச் செய்த மாங்கனீஸ்-துத்தநாக ஃபெரைட். எல்சி மீட்டர் அளக்கும் கிலோஹெர்ட்ஸ் அளவில் அது சிங்கம். 7 மெகாஹெர்ட்ஸில் அதன் பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தை ஏற்கும் திறன்) விழுந்து, இழப்பு மட்டும் மிஞ்சும்.

உறுதிப்படுத்த இன்னொரு சின்னச் சோதனை உண்டு. ஓரத்தில் பூச்சைச் சுரண்டி, மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் கோர் மேலேயே வைத்துப் பாருங்கள். மாங்கனீஸ் வகை மின்சாரத்தை ஓரளவு கடத்தும், கிலோ ஓம் கணக்கில் ஏதாவது காட்டும். 43 மிக்ஸ் நிக்கல்-துத்தநாக வகை, மீட்டர் எதுவும் காட்டாது. என் பச்சைக் கோர் 40 கிலோ ஓம் காட்டியது. கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இது. இனி சாண்ட்பேப்பர் துண்டு இல்லாமல் அந்தத் தெருவுக்குப் போவதாக இல்லை.

எவ்வளவு வீணானது என்று எண்ணாகத் தெரிய வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அதே பச்சைக் கோரில் இன்னொரு 49:1 சுற்றி, இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்தேன். உள்ளே 50 ஓம், நடுவில் 2450, வெளியே மறுபடி 50 ஓம் டம்மி லோடு. 10 வாட் உள்ளே போனால் 3.5 வாட் வெளியே வந்தது. வர்க்கமூலம் எடுத்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 59 சதவீதத்தைத்தான் வெளியே விடுகிறது. அதாவது 40 வாட்டில் 16 வாட் அந்தப் பெட்டிக்குள் அடுப்பு எரித்திருக்கிறது.

அப்படியானால் எஸ்டபிள்யூஆர் ஏன் 1.2 காட்டியது? என் கம்பியின் முனை மின்மறுப்பு 2450-ஐ விட அதிகம். கோரின் இழப்பு அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் போட்டதுபோல நின்று, மொத்தத்தை 50-க்கு இழுத்துக் காட்டியிருக்கிறது. பழைய நானோவிஎன்ஏ படங்களை எடுத்துப் பார்த்தேன். 6.6 முதல் 7.7 மெகாஹெர்ட்ஸ் வரை 2-க்குக் கீழே இருந்திருக்கிறது. ஓர் அரை அலைக் கம்பிக்கு அவ்வளவு அகலம் வராது. அப்போது அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். யாராவது தங்கள் எண்ட் ஃபெட் எல்லா பேண்டிலும் படுத்த கோடாக இருக்கிறது என்று காட்டினால், கோரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

புதிய கோர் எஃப்டி240-43, ஃபேர்-ரைட்டின் 5943003801. உள்ளூரில் நம்பி வாங்க இடம் கிடைக்காமல், நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வெளிநாட்டு விநியோகஸ்தரிடம் வரவழைத்தோம். தனியாக வாங்கினால் அனுப்பும் செலவும் சுங்கமும் கோர் விலையைத் தாண்டிவிடும், சேர்ந்து வாங்குவதுதான் லாபம். வந்ததும் முதல் வேலை பத்துச் சுற்று. 104 மைக்ரோஹென்றி. கணக்குப்படி 107 வர வேண்டும், மனசு நிறைந்தது. கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம். மோட்டார் வைண்டிங் கடையில் 18 கேஜ் எனாமல் செப்புக் கம்பியை எடை போட்டுத் தருவார்கள். 100 கிராம் வாங்கினாலே இரண்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல் வரும்.

சுற்றும் விஷயத்தில்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. இரண்டு சுற்று பிரைமரி, பதினான்கு செகண்டரி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எந்த அளவுக்கு இறுக்கிச் சுற்றுகிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் முறை பிரைமரியை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத் தளர்வாக முறுக்கினேன். 40 மீட்டரில் நன்றாக இருந்தது, 28 மெகாஹெர்ட்ஸில் (10 மீட்டர் பேண்டு) 2450 ஓம் சோதனை லோடில் எஸ்டபிள்யூஆர் 2.6. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே கசியும் இண்டக்டன்ஸ்தான் மேல் பேண்டுகளைக் கெடுக்கிறது. இரண்டாம் முறை பிரைமரியையும் செகண்டரியின் முதல் இரண்டு சுற்றையும் டிரில் மெஷினில் மாட்டி நெருக்கமாக முறுக்கினேன். அதிகமாக முறுக்கியதில் எனாமல் உரிந்து ஓர் இடத்தில் ஷார்ட். மூன்றாம் முறை கையாலேயே, ஓர் அங்குலத்துக்கு இரண்டு முறுக்கு, கோர் விளிம்பில் பிளம்பர் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றையும் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து வளைத்தேன். 18 கேஜ் கம்பி அடங்காது, விரல் நுனி சிவந்துவிடும். ஆனால் 28 மெகாஹெர்ட்ஸில் 1.7-க்கு இறங்கியது. உள்ளீட்டில் 100 பிகோஃபாரட், 3 கிலோவோல்ட் டிஸ்க் கெப்பாசிட்டர். 150 போட்டால் 15 மீட்டர் கெடுகிறது, 68 போட்டால் 10 மீட்டர் கெடுகிறது. 100 சரியாக நிற்கிறது. அதன் கால்களை எவ்வளவு குட்டையாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரைகோட்டில் கண்ணுக்குத் தெரிகிறது.

சோதனை லோடுக்கு 4.7 கிலோ ஓம் இரண்டு இணையாக, தொடரில் ஒரு 100 ஓம். சரியாக 2450. கால் வாட் ஃபிலிம் ரெசிஸ்டர் போதும், கம்பி சுற்றிய ரெசிஸ்டர் கூடாது.

இதையும் முதுகோடு முதுகாக அளந்தேன். 10 வாட்டுக்கு 7.6 வாட். ஒன்றுக்கு 87 சதவீதம். பழையதோடு ஒப்பிட்டால் 1.7 டெசிபல் லாபம். சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் இது ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மதுரை நண்பர் இப்போதும் ஐந்து ஏழுதான் தருகிறார். ஆனால் 40 வாட்டை நீண்ட நேரம் தாங்குகிறது, அதுதான் எனக்கு வேண்டியது. கம்பியை 20.5 மீட்டரில் தொடங்கி 19.8 வரை வெட்ட வேண்டியிருந்தது. பிவிசி உறையுள்ள வீட்டு ஒயர் என்பதால் சூத்திரம் சொல்வதைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் வரும். 2-க்குக் கீழே இருக்கும் அகலம் இப்போது முன்பைவிடப் பாதிக்கும் குறைவு.

பெட்டியையும் மாற்றினேன். கறுப்புப் பெட்டியை வெயிலில் வைத்தது இன்னொரு தவறு. இப்போது வெள்ளை ஜங்ஷன் பாக்ஸ், தொட்டி மேடையின் நிழல் பக்கம், அடியில் நான்கு துளை. துளைக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். போன முறை குளவி கூடு கட்டிவிட்டது.

கம்பியை மறுபடி ஏற்றும்போது பக்கத்து வீட்டம்மா, "தம்பி, மழை பெய்யும்போது இதுல கரண்ட் வருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அனுப்பாதபோது வராது, அனுப்பும்போது முனையில் 40 வாட்டுக்கே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அதனால்தான் தென்னையிலிருந்து நான்கு மீட்டர் நைலான் கயிறும் பீங்கான் முட்டை இன்சுலேட்டரும் என்று காட்டி விளக்கினேன். இடி மழையில் கோஆக்ஸைக் கழற்றி வெளியே போட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். ஒத்துக்கொண்டார். தேங்காய் பறிக்க ஆள் வரும்போது மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் முடியாத வேலை காமன் மோட் சோக், கோஆக்ஸின் வெளித்தோலில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள். 40 வாட்டில் லேப்டாப்பின் யுஎஸ்பி அவ்வப்போது துண்டித்துக்கொள்கிறது, கோஆக்ஸின் வெளித்தோல் வழியாக ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம்) ஷேக்குக்குள் வருகிறது என்று அர்த்தம். பெட்டியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, 31 மிக்ஸ் கோரில் ஆர்ஜி58 பன்னிரண்டு சுற்று போட வேண்டும். பெட்டிக்கு ஒட்டியே போட்டால் கம்பிக்கு எதிர்ப்பக்கமே இல்லாமல் போய்விடும், அந்த இரண்டு மீட்டர் கோஆக்ஸ்தான் கவுண்டர்பாய்ஸ். 31 மிக்ஸ் மாங்கனீஸ் வகைதான். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகாத அந்த இழப்பு சோக்கில் நமக்கு வேண்டியது.

அதற்குள் மனசு 80 மீட்டருக்குப் போய்விட்டது. கம்பி நுனியில் 110 மைக்ரோஹென்றி சுருளும் அதற்கப்பால் இரண்டு மீட்டர் வாலும் போட்டால் 3.6-இல் ஒத்திசையும். ஆனால் இரண்டு சுற்று பிரைமரிக்கு அங்கே மின்மறுப்பு 100 ஓம் தொடாது, மறுபடி சூடாகும். பிரைமரி 3, செகண்டரி 21 என்று சுற்றிப் பார்க்க வேண்டும், அதற்காக உயர் பேண்டுகளில் எவ்வளவு கெடும் என்பது சுற்றினால்தான் தெரியும். இன்னொரு எஃப்டி240-43 பெட்டியில் இருக்கிறது, 18 கேஜ் கம்பியும் 60 கிராம் மிச்சம். வரும் ஞாயிறு முதலில் சோக், அப்புறம் அது.