ரெட்டி: பெயரின் முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும்

உலகக் குடும்பப்பெயர்ப் பட்டியல்களில் தெலுங்குப் பெயர் என்றதும் முதலில் கண்ணில் படுவது 'ரெட்டி'. ஹைதராபாத், டர்பன், டல்லாஸ் என்று எங்கே தேடினாலும் கிடைக்கும். ஆனால் ஆந்திரத்தில் ஒரு பெரியவரிடம் போய் "உங்கள் இண்டிபேரு என்ன?" என்று கேட்டால் அவர் ரெட்டி என்று சொல்ல மாட்டார். மர்ரி, காசு, கோட்ல, நேதுருமல்லி என்று வேறொரு சொல்தான் வரும். அதுதான் வீட்டுப்பெயர். தெலுங்கில் அது பெயருக்கு முன்னால் நிற்கும். ரெட்டி பின்னால் நிற்கும் பட்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் பாதியில் நின்றுபோன குடும்ப வரலாறுகள் ஏராளம்.

ஒரு கேள்வி கேட்டாலே இது விளங்கிவிடும். ஒரே இண்டிபேரும் ஒரே கோத்திரமும் உள்ளவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஆனால் ரெட்டி ரெட்டியைக் கட்டிக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை, வழக்கமே அதுதான். ரெட்டி என்பது ஒரு வம்சத்தின் பெயராக இருந்திருந்தால் இது நடக்காது.

பட்டம் எங்கிருந்து வந்தது? கீழைச் சாளுக்கியர் செப்பேடுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் உண்டு: அரசன் தன் ஆணையை 'ராஷ்ட்ரகூடர் முதலான குடும்பிகளுக்கு' அறிவிப்பான். இங்கே ராஷ்ட்ரகூடர் என்பது மான்யகேட அரச வம்சம் இல்லை. ஊரில் நிலம் வைத்து உழுதவர்களுக்குத் தலைவன், ஊர்ப்பெரியதனக்காரன் என்றே பொருள். பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் இதே பதவி ரட்டகுடி, ரட்டோடி, ரட்டடி என்றெல்லாம் வருகிறது. அது தேய்ந்து ரட்டி, ரெட்டி ஆனது என்பதுதான் கல்வெட்டு அறிந்தவர்கள் பெரும்பாலோர் ஏற்கும் வழி. வேறு விளக்கங்களும் உலவுகின்றன. ஆனால் இடைப்பட்ட வடிவங்களைக் கல்லிலேயே காட்ட முடிவது இந்த ஒன்றுக்குத்தான்.

வாரங்கல்லை ஆண்ட காகதீயர் காலத்தில்கூட இது பிறப்போடு ஒட்டிய பெயராக இறுகவில்லை. தந்தை ரெட்டி, மகன் நாயகன் என்று வரும் கல்வெட்டுகள் உண்டு. கணபதிதேவனின் படைத்தலைவன் ரேச்செர்ல ருத்ரன் 1213இல் பாலம்பேட்டையில் கட்டியதுதான் இன்று ராமப்பா கோயில் என்று நாம் சொல்வது. ரெட்டியாக அறியப்படும் அவனுடைய குடிப்பெயர் ரேச்செர்ல. பின்னாளில் ராசகொண்டாவை ஆண்ட வெலமர்களும் (இன்னொரு தெலுங்குச் சாதி) ரேச்செர்ல குடியினரே. ஒரே இண்டிபேரு இரண்டு சாதிகளில் வருவது தெலுங்கு நாட்டில் புதிதல்ல. இண்டிபேரை மட்டும் வைத்துச் சாதியைச் சொல்லிவிட முடியாது. சாதிப் பட்டத்தை வைத்துக் குடும்பத்தைச் சொல்லவும் முடியாது.

பட்டத்துக்கு அரச மரியாதை கூடியது காகதீயர் வீழ்ச்சிக்குப் பிறகு. 1325ஐ ஒட்டிப் புரோலய வேமாரெட்டி அத்தங்கியைத் தலைநகராக்கி ஆண்டார். அவர் மகன் அனவோதாரெட்டி தலைநகரைக் கொண்டவீட்டுக்கு மாற்றினார். சுமார் நூறு ஆண்டு நீடித்த அந்த ஆட்சியில்தான் எர்ரனவும் சிரீநாதனும் தெலுங்குக் கவிதையை வளர்த்தார்கள். ஸ்ரீசைலத்துக்கும் அகோபிலத்துக்கும் படிக்கட்டு அமைத்தவரும் புரோலய வேமாரெட்டிதான். இன்று ரெட்டி என்று பெயருள்ள பலர் தம்மைக் கொண்டவீட்டோடு இணைத்துச் சொல்லிக்கொள்வது வழக்கம். பெருமைப்பட நியாயமுண்டு. ஆனால் இடையில் உள்ள தலைமுறைகளுக்கு ஆவணம் காட்டாமல் அந்த இணைப்பை வம்சாவளியில் எழுதக் கூடாது.

அரசு போன பிறகும் ஊர்ப்பதவி போகவில்லை. ராயலசீமையில் ரெட்டி என்றால் ஊர்மணியம், கரணம் என்றால் கணக்கு. பெத்தகாப்பு என்றும் அதே ஆளைச் சொல்வார்கள். தெலங்காணாவில் நிஜாம் ஆட்சியின் சொற்கள் வந்ததால் அங்கே பதவியின் பெயர் பட்டேல், பட்வாரி என்றாயிற்று. ரெட்டி பெயரோடு மட்டும் தங்கியது. தமிழ்நாட்டில் 1980இலும் ஆந்திரத்தில் 1984இலும் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பட்டம் பிறந்த வேலை அதோடு முடிந்தது.

இன்னொரு சிக்கல் 'காப்பு'. ராயலசீமையிலும் தெலங்காணாவிலும் பழைய பேச்சில் காப்பு என்றால் ரெட்டிதான். கடலோர ஆந்திரத்தில் காப்பு என்பது வேறு சமூகம். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுதிகளில்கூட 'காப்பு அல்லது ரெட்டி' என்று ஒன்றாகவே எழுதியிருக்கிறது. பழைய மக்கள்தொகை அறிக்கையில் ஒரு தாலுகாவுக்கு ரெட்டிகளின் எண்ணிக்கை குறைவாகக் காட்டினால், உடனே காப்பு வரியையும் பார்த்துவிட வேண்டும். கோதாவரியின் பாபிக் குன்றுகளில் வாழும் கொண்டாரெட்டிகள் பட்டியல் பழங்குடியினர். பெயர் ஒன்றாக இருப்பதால் அவர்களையும் மேலே சொன்னவர்களையும் ஒரே கணக்கில் சேர்ப்பது பெரும் பிழை. கர்நாடகத்தில் லிங்காயத்துகளிலும் ரெட்டி உண்டு.

உட்பிரிவுகளைக் கவனித்தால் பழைய நிலவரைபடமே தெரியும். பாகநாட்டி என்றால் பாகநாடு, அதாவது நெல்லூர், பிரகாசம் பக்கம். வெலநாட்டி என்றால் கிருஷ்ணைக்குத் தெற்கே குண்டூர்ச் சீமை. மொரசு என்றால் கோலார், பெங்களூர் சுற்றுவட்டாரம். குடும்பம் இப்போது எங்கே இருந்தாலும், இந்தச் சொல் அது புறப்பட்ட நாட்டைச் சொல்லும். பாட்டிமார் இதை மறப்பதில்லை. கேட்டு எழுதிவைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்.

இனி இண்டிபேரு. அதில் பெரும்பகுதி ஊர்ப்பெயர். கட்டமஞ்சி ராமலிங்காரெட்டியின் கட்டமஞ்சி சித்தூரை ஒட்டிய ஊர். தரிமெல நாகிரெட்டியின் தரிமெல அனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. பெஜவாடா கோபாலரெட்டியோ நெல்லூர் மாவட்டத்துப் புச்சிரெட்டிபாளையத்துக்காரர். பெஜவாடா விஜயவாடாவின் பழைய பெயர். இண்டிபேரு காட்டுவது பிறந்த ஊரை அல்ல, முன்னோர் விட்டுவந்த ஊரை. ஒரு ஊரிலிருந்து வெளியேறி வேறிடத்தில் குடியேறியவர்களைத்தான் அந்த ஊர்ப்பெயரால் அழைப்பார்கள். ஊருக்குள்ளேயே இருப்பவரை அப்படி அழைக்கத் தேவையே இல்லையே. ஆகவே இண்டிபேரில் உள்ள ஊரில் போய் அதே இண்டிபேருள்ள வீட்டைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஊர்ப்பெயர் அல்லாதவையும் உண்டு: மர்ரி என்றால் ஆலமரம். ஐ.நா.வில் நிறவெறி எதிர்ப்பு மையத்தை நடத்திய இ. எஸ். ரெட்டியின் 'இ' ஏனுக. யானைக்குத் தெலுங்கில் ஏனுகு.

இந்த முன்னெழுத்துக்குள் ஒளிந்திருப்பதைத்தான் வெளியுலகம் தொலைத்துவிட்டது. கள்ளம் அஞ்சிரெட்டி 1984இல் மருந்து நிறுவனம் தொடங்கியபோது பலகையில் ஏறியது ரெட்டி, கள்ளம் அல்ல. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, 1994இல் கணினித் துறையின் டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டியின் இண்டிபேரு தப்பல. எத்தனை பேருக்குத் தெரியும்? இதற்கு நேர்மாறு கம்யூனிஸ்ட் தலைவர் புச்சலபள்ளி சுந்தரய்யா. பிறந்தபோது சுந்தரராமி ரெட்டி. சாதிப் பட்டத்தை அவர் வேண்டுமென்றே உதறினார், இண்டிபேரை உதறவில்லை. எது குடும்பம், எது சாதி என்பதை அவர் பெயர் ஒன்றே தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

தமிழ்நாட்டுக்கு வந்தவர்களிடம் பட்டம் ரெட்டியார் ஆயிற்று. செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், தூத்துக்குடி வரை பரவியிருக்கிறார்கள். ரெட்டியார்சத்திரம், ரெட்டியார்பட்டி, ரெட்டிச்சாவடி என்று ஊர்ப்பெயர்களே சாட்சி. சென்னை மாகாணத்தின் முதல் முதன்மை அமைச்சர் சுப்பராயலு ரெட்டியார் (1920–21). விடுதலை பெற்ற நேரத்தில் மாகாணப் பிரதமராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் (1947–49). தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து இண்டிபேரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நான்கைந்து தலைமுறையில் இண்டிபேரு ஆவணங்களிலிருந்து மறைந்து, கல்யாணப் பேச்சில் மட்டும் உயிரோடிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு அந்தப் பெயர் கணவர் சுந்தர ரெட்டி வழியாக வந்தது. பெண்களின் பெயரில் ரெட்டி ஒட்டுவது பழைய தெலுங்கு வழக்கமல்ல. அம்மா என்றுதான் முடியும். 1900க்கு முந்தைய பதிவில் பாட்டியை 'ரெட்டி' என்று தேடுவது வீண் வேலை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கடல் கடந்த கதை 1860 நவம்பர் 16இல் டர்பனில் 'டிரூரோ' கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது தொடங்குகிறது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மொரீஷியஸுக்கும், 1903 முதல் பிஜிக்கும் தெலுங்கர்கள் போனார்கள். பிஜியின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெய்ராம் ரெட்டி அந்த வழியில் வந்தவர்.

நேட்டால் கப்பல் பட்டியலில் தேடுவோர் தவறும் இடம் ஒன்று. பெயர்ப் பத்தியில் வெங்கட்டன், சுப்பன் என்று ஒற்றைப் பெயரும் அடுத்து தந்தை பெயரும் இருக்கும். ரெட்டி என்பது சாதிப் பத்தியில் இருக்கும். சில சமயம் காப்பு என்று இருக்கும். அந்தச் சாதிச் சொல்தான் அடுத்த தலைமுறையில் பலருக்குக் குடும்பப்பெயர் ஆனது. வேறு பலருக்குத் தந்தை பெயரே ஆனது. எனவே கப்பல் பட்டியலில் பெயராக ரெட்டியைத் தேடக் கூடாது. முதலில் தென்னாப்பிரிக்காவில் உள்ள பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளிலிருந்து முன்னோரின் காலனி எண்ணை, அதாவது ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் தந்த பதிவு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துப் பட்டியலுக்குப் போனால் ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை கிடைக்கும்.

அங்கே 'வட ஆற்காடு' என்று இருந்தால் வேலூர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். அதற்கு முன் அதன் பெரும்பகுதி வட ஆற்காடு. குண்டூர் மாவட்டம் 1904இலும் பிரகாசம் 1970இலும் உருவானவை. 2022 ஏப்ரலில் ஆந்திரம் 13 மாவட்டத்திலிருந்து 26 ஆயிற்று. கிராமத்தின் பெயரைப் பழைய தாலுகாவோடு சேர்த்தே குறித்துக்கொண்டு, பிறகு இன்றைய மண்டலத்தைக் கண்டுபிடிப்பதுதான் சரியான வரிசை.

ஊர் தெரிந்துவிட்டால் நில ஆவணம்தான் கை கொடுக்கும். ஆந்திரத்தில் அடங்கல், ஒன்-பி என்ற நிலப் பதிவேடுகள் இன்றைய நிலையைச் சொல்லும், பழையதற்கு ஆர்.எஸ்.ஆர். எனப்படும் ரீசெட்டில்மென்ட் பதிவேடு. தெலங்காணாவில் சேத்வார் எனும் பழைய நில அளவைப் பதிவேடும் 1954–55இன் காஸ்ரா பஹாணி எனும் நில உரிமைப் பதிவேடும் அடிப்படை. மானியம் அனுபவித்த குடும்பம் என்றால் இனாம் பதிவேட்டில், 1860களில் யார் யாருக்கு எந்த வழியில் நிலம் வந்தது என்று தலைமுறை வரிசையே கிடைக்கும். அதற்கும் பின்னால் போக, ஆங்கிலேய நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் ஆட்கள் 1800களின் தொடக்கத்தில் ஊர் ஊராகத் திரட்டிய கைபீதுகள் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்) உண்டு. ஊர் எப்படி எழுந்தது, எந்த ரெட்டி காடு திருத்தினார் என்று தெலுங்கில் எழுதியிருக்கும். சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. கைபீதில் முன்பகுதி புராணமாக இருக்கும். வரிவிவரம் தொடங்கும் இடத்திலிருந்துதான் நம்பிப் படிக்கலாம். எழுத்துக்கூட்டலையும் விரித்துத் தேடவும்: ஆங்கிலப் பதிவில் கடைசி எழுத்து 'ஒய்' ஆகவும் வரும், 'ஐ' ஆகவும் வரும்.

இணையத்தில் காணும் குடும்பப்பெயர்ப் பரவல் வரைபடங்களில் அயர்லாந்தும் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சிவந்து தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். ஐரிஷ் மொழிப் பெயர் ஒன்று ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில் எழுதப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த பாடகி ஹெலன் ரெட்டிக்கும் நெல்லூருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அமெரிக்கப் பதிவுகளில் 1965க்கு முந்தைய ரெட்டி என்றால் பெரும்பாலும் இந்த ஐரிஷ்காரர்கள்தான்.

இன்றைய குடும்பங்களுக்கு அவசரமான காரியம் பாஸ்போர்ட். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இண்டிபேரு, சொந்தப் பெயர், ரெட்டி மூன்றும் ஒரே வரியில் ஓடும். எது குடும்பப்பெயர் என்ற பிரிவே இல்லை. பாஸ்போர்ட் படிவம் இரண்டு பெட்டி தரும். அண்ணன் ரெட்டியைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் போட, தம்பி இண்டிபேரைப் போட, பின்னாளில் குடும்ப விசா விண்ணப்பத்தில் உடன்பிறப்பு என்று நிரூபிக்க அலைய நேரிடும். குடும்பப்பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டில் வருகை விசா பயணிகளை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது.

எங்கள் பரிந்துரை: குடும்பப்பெயர்ப் பெட்டியில் இண்டிபேரு, ரெட்டி வேண்டுமென்றால் அது சொந்தப் பெயரோடு இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே முறை, ஒரே எழுத்துக்கூட்டல். ஏற்கெனவே ரெட்டி என்று ஏறிவிட்டவர்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலாவது இண்டிபேரை முழுச்சொல்லாக எழுதிவிடுங்கள், முன்னெழுத்தாகச் சுருக்காதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு பக்கத்து இண்டிபேரும் ஊரும் தேதியோடு அச்சான ஒரே காகிதம் பல குடும்பங்களில் அதுதான்.