80 சதவீதம் பேர் சொன்னது என்ன?

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2024இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், 77 நாடுகளில் சுமார் 73,000 பேரிடம் கேட்டதில் 80% பேர் தங்கள் அரசின் காலநிலை நடவடிக்கை வலுப்பட வேண்டும் என்றார்கள். அதே அமைப்பு 2021இல் வெளியிட்ட கணிப்பில், கைபேசி விளையாட்டுகளின் விளம்பர இடத்தில் 12 லட்சம் பேரிடம் கேட்டபோது, காலநிலை மாற்றம் அவசரநிலை என்றவர்கள் 64%. கேள்வியும் வேறு, ஆட்களைப் பிடித்த விதமும் வேறு. இரண்டையும் கழித்து ‘ஆதரவு 16 புள்ளி உயர்வு’ என்று எழுதுவது தப்புக் கணக்கு.

‘பசுமைப் பொருளுக்குக் கூடுதல் விலை தருவீர்களா?’ என்ற கேள்வி இன்னும் மோசம். ஆம் என்று சொல்லக் காசு வேண்டாம். கேள்வி கேட்பது ஒரு ஆள் என்றால், இல்லை என்று சொல்லக் கூச்சம் வேறு. ‘கடந்த 30 நாளில் எதை வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டுக்கு 1,000 பேர் என்றால் பிழை ±3 புள்ளி, அதாவது முடிவு 3 சதவீதப் புள்ளி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதில் 100 இளைஞர்களை மட்டும் பிரித்தால் ±10.