பச்சைதான் ராசி

கோத்தகிரியில் எங்கள் வீடு மேட்டில், சித்தப்பா வீடு தேயிலைச் சரிவுக்குக் கீழே. இன்டர்நெட் எங்களோடு நின்றுவிடும். சாதா ஈதர்நெட் வயர் 100 மீட்டருக்கு மேல் சரிப்படாது, அப்படியே இழுத்தாலும் ஒரு நல்ல இடி போதும், இரண்டு பக்க நெட்வொர்க் ஸ்விட்சும் காலி. வெளிச்சத்தில் டேட்டா அனுப்புகிற கண்ணாடி இழையான ஃபைபர் இழுத்துவிடலாம் என்றதும் சித்தப்பா கேட்டார்: "கண்ணாடிதானேடா, காட்டெருமை மிதிச்சா?"

"மிதிச்சா நாமளே மிஞ்ச மாட்டோம் சித்தப்பா."

இழை முனைகளை உருக்கி ஒட்டுகிற மெஷினோடு வர ஒருவர், மலையேறத் தனி ரேட் சொன்னார். வேண்டாம் சாமி என்று இரண்டு டீ காசுக்குக் கிடைக்கிற, உருக்காமலே இழை முனையில் மாட்டுகிற ஃபாஸ்ட் கனெக்டரை வைத்து நாமே போடுவதாக முடிவு. கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமாகப் பார்த்து வாங்கினோம், இல்லாவிட்டால் கண்ணாடி கடத்தாத இடியை அந்தக் கம்பி கடத்திவிடும்.

கடைக்குப் போன சித்தப்பா பச்சைக் கனெக்டரோடு வந்து நின்றார். பச்சைதான் ராசியாம்! பச்சையின் முனை 8 டிகிரி சாய்வு, ஃபைபர் வெளிச்சத்தை ஈதர்நெட்டாக மாற்றுகிற எங்கள் மீடியா கன்வர்ட்டரில் இருப்பதோ சாய்வில்லாத நீல வகை, இரண்டையும் சொருகினால் முனைகள் சரியாக ஒட்டாமல் வெளிச்சம் வீணாகும் என்று சொல்லி மாற்றுவதற்குள் டீ ஆறிவிட்டது. அடுத்து அந்தக் கன்வர்ட்டர். ஒரே இழையில் போகவும் வரவும் வேண்டுமென்றால் ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்தில் பேசி 1550-இல் கேட்க வேண்டும், ஜோடி அதற்கு நேரெதிர். கடைக்காரர் அனுப்பியதோ இரண்டும் ஒரே ரகம். சொத்துப் பிரிக்க உட்கார்ந்த எங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி இரண்டும் பேசிக்கொண்டே இருந்தன, கேட்கத்தான் ஆளில்லை.

ஜோடி மாறி வந்ததும் திண்ணையில் கடை விரித்தோம். மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, இழையை நேராக வெட்டும் கிளீவரில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இழை மொத்தமே 125 மைக்ரான், வெளிச்சம் போகும் நடுப்பாகம் அதில் 9தான். வெட்டி விழுந்த துண்டு காலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, அதனால் ஒவ்வொன்றையும் செல்லோடேப்பில் ஒட்டி எடுக்கச் சொல்லி சித்தி அதட்டிக்கொண்டே இருந்தார். சிவப்பு லேசர் பேனாவை மேலே சொருகியதும் கீழே முனை பளிச்சென்றது. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிய சித்தப்பாவை நான் கத்திய கத்தலில் சில்வர் ஓக்கில் இருந்த குரங்குக் கூட்டமே இடம் பெயர்ந்தது.

லைன் நன்றாக ஓடுகிறது. இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சித்தப்பாதான் ஆலோசகர்: "பச்சை மட்டும் வாங்கிடாதீங்க, எட்டு டிகிரி!"