ரிவெட் பிடித்திருந்தது, பசைதான் பிடிக்கவில்லை

நான் கட்டிக்கொண்டிருக்கும் விமானத்தின் இடது இறக்கை நுனிக்குள் ஒட்டியிருந்த அலுமினிய ரிப்பை (தோலை உள்ளிருந்து தாங்கும் சட்டம்) போன வாரம் பிய்த்து எடுத்துவிட்டேன். பிய்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ரிவெட் தலைகளை டிரில்லால் எடுத்ததும் ஒரு முனை, ஹீட் கன்னைக் காட்டுவதற்கு முன்பே, தானாக எழும்பி நின்றது.

முழுக்க அலுமினியத்தில் கட்டும் விமானத்திலும் இறக்கை நுனி, கௌலிங் (இன்ஜின் மூடி), சக்கர மூடி இதெல்லாம் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ்தான். நுனியின் பின்பக்கம் மேல் தோலும் கீழ்த் தோலும் சேரும் இடம் மெல்லிசாக இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும், எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு வளைந்து தெரியும். அதனால் உள்ளே ஒரு சின்ன ரிப் வைத்து அதன் மடிந்த ஓரத்தை, அதாவது ஃப்ளாஞ்சை, தோலோடு ஒட்டி, ரிவெட்டும் அடிப்பது வழக்கம். அரை நாள் வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

பிய்க்கவேண்டி வந்ததற்கு முதல் காரணம் என் அவசரம். ஃப்ளாஞ்ச் சரியாக 90 டிகிரியில் இருந்தது, தோலோ சரிந்து போகிறது. நடுவில் இருந்த சின்ன இடைவெளியை க்ளெகோ (துளை வழியே தற்காலிகமாகப் பிடிக்கும் கவ்வி) போட்டு இழுத்து மூடிவிட்டேன். மறுநாள் வெளிப்பக்கம் டியூப் லைட் வெளிச்சம் பட்டபோது ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு குழி. ஃபைபர் கிளாஸ் எங்கே இழுத்தாலும் வரும், ஆனால் வந்த இடத்திலேயே இறுகி உட்கார்ந்துவிடும். பெயிண்ட் அடித்தால் இன்னும் நன்றாகவே தெரியும். சரி, எடுத்துவிடுவோம் என்று எடுத்தபோதுதான் இரண்டாவது விஷயம் கண்ணில் பட்டது.

எபாக்ஸிப் பசை முழுவதும் ஃபைபர் கிளாஸ் மேலேயே தங்கியிருந்தது. அலுமினியப் பக்கம் பளபளவென்று, ஒரு துளி பசை இல்லாமல். உப்புத்தாள் போட்ட கோடுகள்கூட எபாக்ஸியில் அச்சு எடுத்தது மாதிரி பதிந்திருந்தன. நான் அதுவரை கவலைப்பட்டதெல்லாம் ஃபைபர் கிளாஸ் பக்கத்தைப் பற்றித்தான், அதைத்தான் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். அலுமினியத்தை முந்தின நாளே தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தேன். அலுமினியம் காற்றுப் பட்டவுடனே மேலே ஆக்சைடு படலம் கட்ட ஆரம்பித்துவிடும், அதோடு ராத்திரி முழுக்கப் பட்டறைத் தூசியும் கைப்பிசுக்கும் வேறு. பசை பிடித்தது உலோகத்தை இல்லை, அந்தப் படலத்தை.

இந்த முறை ஃப்ளாஞ்சைத் தேய்த்ததும் மேலே தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தால் தண்ணீர் படலமாகப் பரவி நிற்கும், எண்ணெய்ப் பசை இருந்தால் முத்து முத்தாகப் பிரியும். முதல் தடவை முத்துதான் வந்தது. மூன்றாவது தடவை தேய்த்த பிறகே பரவியது. நன்றாகக் காயவிட்டு, எதுவும் கலக்காத எபாக்ஸியை மெல்லிசாகத் தடவி, அந்த ஈரத்தின் மேலேயே 80 நம்பர் உப்புத்தாளால் மறுபடி தேய்த்தேன். புதிதாகத் திறக்கும் உலோகம் காற்றைப் பார்ப்பதற்கு முன்பே எபாக்ஸியைப் பார்த்துவிடும், அதுதான் கணக்கு. சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வரும், அதைத் துடைத்துவிட்டு உடனே பஞ்சுத்தூள் கலந்த கெட்டி எபாக்ஸியைப் பூச வேண்டும்.

ஃப்ளாஞ்சையும் இந்தத் தடவை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, க்ளெகோ இல்லாமலே ரிப் தன் எடையில் உட்காரும்வரை விடவில்லை. அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் இருக்கட்டும், கெட்டி எபாக்ஸி நிரப்பிக்கொள்ளும். இழுத்து இறுக்கினால்தான் பசையெல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் ஒன்றுமில்லாமல் போகும். க்ளெகோ வெறுமனே இடம் மாறாமல் பிடிப்பதற்கு மட்டும். எபாக்ஸி ரப்பர் மாதிரி ஆகும் நேரத்தில் அதைக் கழற்றிவிடுங்கள், விட்டால் அதுவும் விமானத்தின் பாகமாகிவிடும்.

பசை இவ்வளவு முக்கியமென்றால் ரிவெட் எதற்கு? பசை நழுவும் விசையைத் தாங்கும், ஓரத்திலிருந்து உரிக்கும் விசையைத் தாங்காது. ஒரு மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடானால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும், ஃபைபர் கிளாஸ் அந்த அளவுக்கு நீளாது, அந்த இழுபறியும் முனைகளில்தான் போய்ச் சேரும். என் ரிப் சின்னதுதான் என்றாலும் இரண்டு முனையிலும் ரிவெட் இல்லாமல் விடமாட்டேன். அதுவும் அடிக்கிற ரிவெட் வேண்டாம், தண்டு உப்பும்போது துளையைச் சுற்றி ஃபைபர் வெடித்து வெள்ளையாக ஒரு வளையம் விழும். இழுக்கிற ரிவெட் (பாப் ரிவெட்) போதும், தலை ஃபைபர் கிளாஸ் பக்கம், வால் அலுமினியப் பக்கம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நான் வாங்கிய இழுக்கிற ரிவெட்டின் தலை 120 டிகிரி, அடிக்கிற ரிவெட்டுக்கு வைத்திருந்த கவுண்டர்சிங்க் (தலை உட்காரும் குழியைச் சீவும் டிரில் முனை) 100 டிகிரி. அது தெரியாமல் ஒரு துண்டு ஃபைபர் கிளாஸை வீணாக்கினேன், நல்லவேளை வெறும் கழிவுத் துண்டு.

கார்பன் ஃபைபர் பாகமாக இருந்தால் கதை வேறு. அலுமினியம் அதை நேராகத் தொட்டால் ஈரத்தில் அரித்துப்போகும், நடுவில் ஒரு அடுக்கு கிளாஸ் துணி வைத்தே ஆக வேண்டும்.

நேற்று ராத்திரி நாணயத்தால் ஃப்ளாஞ்ச் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தேன். பசை நிறைந்த இடத்தில் சத்தம் டிக் டிக்கென்று கூர்மையாக வரும். பின் முனையிலிருந்து இரண்டாவது ரிவெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், இன்று மாலை அங்கே ஒரு சின்னத் துளை போட்டு ஊசியால் எபாக்ஸி ஏற்றப் போகிறேன்.