மேற்கே குப்பை, கிழக்கே யூரியா

ஜூலை 24
மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அங்ககக் கரிமம், அதாவது மண்ணின் மட்கில் இருக்கும் கார்பன், 0.38 சதவீதம். 0.5-க்குக் கீழே போனாலே குறைவு என்றுதான் எழுதுவார்கள். எங்கள் செம்மண் காட்டுக்கு இது புதுசு இல்லை. துத்தநாகமும் குறைவாம். ஆடிப்பட்டத்துக்குச் செடி அவரை. மேற்குப் பாதிக்கு மட்கிய குப்பை, கிழக்குப் பாதிக்கு யூரியா, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த டிஏபி, பொட்டாஷ்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. அவரை வேரில் முடிச்சுப் போட்டுத் தங்கி, காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துத் தரும் பாக்டீரியா ரைசோபியம். அதை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, இரண்டு பக்கமும் ஊன்றியாச்சு.

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம். 20 கிலோவுக்கு மேலேயே வரும். ஒரு டன் தொழு உரத்தில் கிடைப்பது ஐந்து கிலோ அளவுதான், அதுவும் ஒரே போகத்தில் முழுசாகக் கிடைக்காது. "அப்புறம் என்னத்துக்குடா வண்டி வண்டியா அடிக்கற?" என்றார் பெரியப்பா. அவரை தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், மண் நன்றாக இருந்தால் போதும் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 6
கிழக்குப் பக்கம் கரும்பச்சை. வழியில் போகிறவர்கள் அதைத்தான் பாராட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் சில செடிகளை வேரோடு தோண்டினேன். மேற்கே வேர் முழுக்க முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். கிழக்கே அங்கொன்று இங்கொன்று, உள்ளே வெளிறல். மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி எதற்குப் பாக்டீரியாவுக்குச் சோறு போடும்?

செப்டம்பர் 20
மழை இல்லை. கிழக்கே மண் பொருக்குத் தட்டிவிட்டது, கொழுந்தில் அசுவினிப் பூச்சி வேறு. மேற்கே விரலை விட்டால் இன்னும் ஈரம்.

அக்டோபர் 12
முதல் பறிப்பில் கிழக்குதான் கூட. மூன்றாவதில் மேற்கு எட்டிப் பிடித்துவிட்டது. மார்க்கெட்டில் இரண்டுக்கும் ஒரே விலை, கேட்டால் "காய் காய்தானே" என்கிறார்கள்.

"குப்பை போட்ட காய்ல சத்து ரெண்டு மடங்காமே கண்ணு?" என்றார் அத்தை. அப்படியெல்லாம் இல்லை அத்தை. புரதம் ரகத்தைப் பொறுத்தும் தழைச்சத்தைப் பொறுத்தும் அமைவது. அது முடிச்சிலிருந்து வந்ததா மூட்டையிலிருந்து வந்ததா என்று காய்க்குத் தெரியாது. கவனிக்க வேண்டியது துத்தநாகம். டிஏபியை அள்ளிக் கொட்டினால் மணிச்சத்து மிஞ்சி, வேர் துத்தநாகம் எடுப்பது குறையும். மிஞ்சிய மணிச்சத்து விதையில் பைட்டேட்டாகச் சேரும். அது நம் குடலில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மொச்சையை ராத்திரி ஊறப்போட்டு, தண்ணீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பைட்டேட்டில் கொஞ்சம் போகும். அத்தை காலங்காலமாகச் செய்வதுதான்.

அக்டோபர் 27
அடுத்த போகத்துக்குக் காடு முழுக்கக் குப்பை, டிஏபி பாதி. குப்பையை மட்டும் நம்பினால் துத்தநாகக் குறை சீக்கிரம் தீராது; ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் வாங்க வேண்டும். டிஏபியோடு கலக்காமல், மணலில் கலந்து தனியாகத் தூவ வேண்டும். உரக்கடையில் இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டித் தரப் பார்த்தார்கள்.