டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனால் எழுத முடியவில்லை

சர்வரையும் நெட்வொர்க்கையும் கண்காணிக்கும் மானிட்டரிங் டூலை நிறுவுவது ஒரு நாள் வேலை. எந்த அலர்ட்டுக்கு ஆன்கால் ஆளை (அவசர அழைப்புக்குப் பொறுப்பானவரை) எழுப்புவது, எது டாஷ்போர்டில் மஞ்சளாகக் கிடந்தால் போதும் என்று பிரிப்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். ராத்திரி எழுந்து, லாகின் செய்து பார்த்து, "இது வழக்கமா வர்றதுதான்" என்று மறுபடி படுக்க வைக்கிற அலர்ட்டைத் தயங்காமல் தூக்கிவிடலாம். விட்டுவைத்தால், நிஜமான அலர்ட்டையும் அரைத்தூக்கத்தில் "பார்த்தாச்சு" என்று அக்னாலெட்ஜ் செய்துவிடுவார்கள். அதற்கு அவர்களைத் திட்டிப் பயனில்லை.

டிஸ்க் 90 சதவீதம் என்ற அலர்ட்டை எடுத்துக்கொள்வோம். 20 ஜிபி பார்ட்டிஷனில் அதற்கு அர்த்தம் 2 ஜிபி மிச்சம். யாரோ டீபக் லாகை அணைக்க மறந்தால் சில நிமிடத்தில் அதுவும் தீர்ந்துவிடும். 10 டிபி வால்யூமில் அதே 90-க்கு ஒரு டிபி மிச்சம். ஒரு வருஷம்கூட ஓடலாம். சதவீதத்தைவிட நிரம்பும் வேகம்தான் கவனிக்க வேண்டியது. பிராமிதியஸ் என்ற மானிட்டரிங் டூலில், இதுவரை போன போக்கை வைத்து அடுத்ததைக் கணிக்கும் பிரெடிக்ட் லீனியர் ஃபங்ஷனுக்குக் கடைசி 6 மணி நேரத் தரவைக் கொடுத்து, இன்னும் 4 மணி நேரத்தில் நிரம்புமா என்று கேட்கலாம். ஒரு மணி நேரத் தரவு மட்டும் கொடுத்தால், தினசரி பேக்கப் எழுதும் தற்காலிக ஃபைலுக்கெல்லாம் போன் அடிக்கும்.

இடம் தாராளமாக இருந்தும் "டிஸ்க்கில் இடமில்லை" என்று அப்ளிகேஷன் அலறினால், ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுத்தம் செய்யப்படாத செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இப்படி ஆகும். டிஸ்க்கில் மிச்சமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையோடு ஐ ஆப்ஷன் சேர்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பல டெம்ப்ளேட்டுகளில் இதற்கான செக்கே இருப்பதில்லை. இதற்கு நேர்மாறானது, டியு (ஃபைல்களின் அளவைக் கூட்டிக் காட்டும் கட்டளை) குறைவாகக் காட்ட டிஎஃப் மட்டும் நிரம்பியதாகச் சொல்வது. அழித்த லாக் ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்தே வைத்திருக்கும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

நெட்வொர்க் கிராஃப் இன்னும் மோசம். அது சத்தமே போடாமல் தப்பாகக் காட்டும். நெட்வொர்க் கருவிகளிடமிருந்து தகவல் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பி என்ற முறையில், கடந்துபோன பைட்டுகளை எண்ணும் பழைய இன்டர்ஃபேஸ் கவுண்டர் 32 பிட். 100 எம்பிபிஎஸ் லிங்க் முழுதாக ஓடினால் அது சுற்றிப் பூஜ்யத்துக்கு வர சுமார் 343 விநாடி ஆகும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படித்தால் இடையில் ஒரு சுற்றுக்கு மேல் வராது, டூல் சரிக்கட்டிவிடும். லிங்க்கை 1 ஜிபிபிஎஸ்ஸாக மாற்றிய அன்று சிக்கல் தொடங்குகிறது. இப்போது 34 விநாடிக்கு ஒரு சுற்று. எவ்வளவு டிராஃபிக் ஓடினாலும் கிராஃப் 115 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பயனர்கள் "ஸ்லோ" என்கிறார்கள், டாஷ்போர்டு "காலியாக இருக்கிறது" என்கிறது, இரண்டு டீமுக்கும் நடுவே டிக்கெட் பந்தாடப்படுகிறது. 64 பிட் கவுண்டருக்கு மாற வேண்டும். அது எஸ்என்எம்பி வெர்ஷன் 1-இல் கிடையாது, குறைந்தது 2சி வேண்டும்.

சரியான கவுண்டரிலும் சராசரி ஏமாற்றும். 20 விநாடி முழு வேகத்தில் அடைத்த லிங்க், 5 நிமிடச் சராசரியில் 7 சதவீதம்கூடத் தெரியாது. அதனால் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளை எண்ணும் டிஸ்கார்டு கவுண்டரையும் பக்கத்திலேயே வரைந்து வைப்பது நல்லது.

பிங் பதில் வந்தால் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) உயிரோடிருக்கிறது, அவ்வளவே. வெப் செக்கிலும் 200 ("எல்லாம் சரி" என்ற பதில் எண்) வந்ததா என்று மட்டும் பார்க்கக் கூடாது; சில அப்ளிகேஷன்கள் எரர் பக்கத்தையே 200 என்று அனுப்பும். லாகின் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு வரியைத் தேடச் சொல்லலாம்.

நெட்வொர்க்கின் மையத்திலுள்ள கோர் சுவிட்ச் விழுந்தால் அதன் பின்னாலுள்ள எல்லா சர்வருக்கும் அலர்ட் கொட்டும். நாகியோஸ் என்ற மானிட்டரிங் டூலில், எது எதன் பின்னால் இருக்கிறது என்ற பேரன்ட் உறவை எழுதினால் அவை டவுன் என்றில்லாமல் அன்ரீச்சபிள் (எட்ட முடியவில்லை) என்று வரும். நோட்டிஃபிகேஷன் ஆப்ஷனில் அந்த நிலையையும் எடுத்துவிட்டால்தான் கொட்டுவது நிற்கும்.

மெயில் சர்வர் விழுந்த சேதியை அதே மெயில் சர்வர் வழியாக அனுப்பும் செட்டப்புகள் இன்றும் இருக்கின்றன. மானிட்டரிங் சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வேறொரு இடத்துக்கு "உயிரோடிருக்கிறேன்" என்ற ஹார்ட்பீட் அனுப்ப வேண்டும். தொடர்ந்து சில நிமிடம் அது வராவிட்டால் அங்கிருந்தே, அலுவலக நெட்வொர்க்கைத் தொடாமல், போன் போக வேண்டும். அந்த வழி வேலை செய்கிறதா என்று அவ்வப்போது ஹார்ட்பீட்டை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும், அதுவும் வேலை நேரத்தில்.